நூலால் ஆன கலையை எப்படிப் பார்ப்பது?

ஓவியர்கள் வண்ணம் தீட்டும் கேன்வாஸ் ஒரு துணி. அதை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, அப்புறம்தான் மேலே வரைகிறார்கள். படம் முடிந்தபின் அடியிலிருக்கும் துணியை யாரும் கவனிப்பதில்லை. டெக்ஸ்டைல் ஆர்ட் என்ற பெயரில் இன்று உலகெங்கும் கலைக்கூடங்களில் காட்டப்படும் படைப்புகளில் அந்தத் துணி முன்னால் வந்துவிடுகிறது. நூல், கயிறு, முடிச்சு, தையல், சாயம் இவைதான் அங்கே படைப்பு. பல சமயம் அடையாளம் காணும்படியான உருவம் எதுவும் இருக்காது.

இதை இழைக்கலை என்று வைத்துக்கொள்வோம். பட்டுச்சேலை, ஜமக்காளம், கோரைப்பாய் என்று இழைகளோடு புழங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் ஒரு கலைக்கூடத்தில் இப்படியொரு படைப்பின் முன் நின்றதும் பலர் தடுமாறுகிறார்கள். "இது என்ன உருவம்? இதற்கு என்ன அர்த்தம்?" என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பதில் கிடைக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். முதலில் கேட்கவேண்டியது வேறு கேள்வி என்பது என் உறுதியான எண்ணம்: இதை எப்படிச் செய்தார்கள்? நெய்தார்களா, முடிந்தார்களா, தைத்தார்களா, சாயத்தில் முக்கினார்களா? இழைக்கலையில் அர்த்தம் பெரும்பாலும் செய்முறைக்குள்தான் குடியிருக்கிறது. அது தெரிந்தால், மிரட்டுவதாகத் தோன்றிய படைப்பும் பேச ஆரம்பித்துவிடும்.

தறிக்குள் நடப்பது

தறியிலிருந்து தொடங்கலாம். நீளவாக்கில் இறுக்கிக் கட்டிய இழைகள் பாவு. நாடா என்ற சிறு கட்டையில் சுற்றிக் குறுக்கே ஓடும் இழை ஊடை. விழுதுகள் எனப்படும் கண்ணிகள் பாவிழைகளில் ஒரு பாதியை மேலே தூக்கும்போது நடுவில் ஒரு திறப்பு உண்டாகும். நாடா அதன் வழியே போகும். அடுத்த முறை மறுபாதி மேலே வரும். பற்கள் வைத்த சட்டம் ஒன்று பாவிழைகளைச் சம இடைவெளியில் பிடித்துக்கொண்டு, ஓடிவந்த ஊடையை அடித்துச் சேர்க்கும். அதற்குப் பெயர் அச்சு. இந்த அச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆக, தறியில் எல்லாமே நேர்கோடும் செங்கோணமும்தான். வளைவு வேண்டுமென்றால் சிறுசிறு படிகளாகத்தான் கொண்டுவர முடியும். வண்ணம் மாறவேண்டிய இடத்தில் ஊடையைத் திருப்பி, இன்னொரு வண்ண இழையைத் தொடங்கவேண்டும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் கோட்டில் இரண்டு ஊடைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரும்பும். ஐரோப்பியர்கள் டேபஸ்ட்ரி என்று சொல்லும் சுவர்த்துணியில் துணி முழுக்கவே இந்த வேலை நடக்கிறது. ஒவ்வொரு வண்ணமும் தன் எல்லைவரை போய்த் திரும்பும். பாவு வெளியே தெரியாதபடி ஊடை அதை மூடிவிடும். தொடங்கிய ஓரத்திலிருந்து மறு ஓரம் நோக்கி மட்டுமே வேலை வளரும். நெய்து சுருட்டிய பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வழியில்லை.

பல நூற்றாண்டுகளாக அங்கே இந்த வேலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஓவியர் முழு அளவில் வரைந்து கொடுப்பார். நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்வார்கள். யோசிப்பவர் ஒருவர், நெய்பவர் இன்னொருவர். நவீன இழைக்கலை பிறந்தது இந்தப் பிரிவினை உடைந்த இடத்தில்தான். அப்படி உடைந்த முக்கியமான இடம் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி.

1919இல் வால்டர் க்ரோபியஸ் வைமார் நகரில் தொடங்கிய பள்ளி அது. ஆண் பெண் வித்தியாசமில்லாமல் யாரும் சேரலாம் என்று அறிவித்தார்கள். பெண்கள் நிறையப் பேர் வந்ததும், அவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். 1922இல் சேர்ந்த அன்னி ஆல்பர்ஸுக்கும் இதுதான் நடந்தது. அவர் விரும்பி வந்தது நெசவுக்காக இல்லை. ஆனால் பௌஹவுஸில் நெசவுப் பட்டறைக்குத் தலைமை ஏற்ற குண்டா ஷ்டோல்ட்ஸ்ல் போன்றவர்களோடு சேர்ந்து, வேறு வழியில்லாமல் வந்த அந்தப் பட்டறையை அவர் ஓர் ஆய்வுக்கூடமாகவே ஆக்கிவிட்டார்.

பெர்லினுக்கு அருகில் பெர்னாவ் என்ற ஊரில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்தில் எதிரொலிப் பிரச்சினை இருந்தது. ஆல்பர்ஸ் தன் பட்டயத் தேர்வுக்கு அதையே எடுத்துக்கொண்டார். அவர் நெய்த சுவர்த்துணியின் பின்பக்கத்தில் மெத்தென்ற ஷெனில் நூல், ஒலியை உறிஞ்சிக்கொள்ள. முன்பக்கத்தில் செலஃபேன் இழை, ஒளியைத் திருப்பியனுப்ப. ஒரே துணி, இரண்டு பக்கமும் இரண்டு வேலை. பூ இல்லை, கொடி இல்லை, வேலைப்பாடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நெசவு யோசித்துச் செய்கிற காரியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த அன்னி, கணவர் ஜோசஃப் ஆல்பர்ஸோடு அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். மெக்சிகோவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பயணம் செய்து, பழங்கால ஆண்டீஸ் மலைமக்களின் துணிகளை இழை இழையாகப் படித்தார். 1965இல் நெசவு பற்றி அவர் எழுதிய நூலை, தன் ஆசான்களான பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1949இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே தனிக் கண்காட்சி கிடைத்தது அதுதான் முதல்முறை.

நியூயார்க் யூத அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் நெய்தது 'ஆறு பிரார்த்தனைகள்'. நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக, ஆளுயர அளவில் ஆறு ஒடுக்கமான துணிகள், பக்கத்தில் பக்கமாகத் தொங்குகின்றன. பருத்தி, லினன், வெள்ளி இழை. அடித்தளத் துணியின் மேல் கூடுதலாக ஓர் இழை அலைந்து அலைந்து போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு மொழியில் வரிவரியாக எழுதியிருப்பது போலிருக்கும். கிட்டே போனால் ஒரு எழுத்தையும் வாசிக்க முடியாது. முகங்கள் இல்லை, பெயர்கள் இல்லை. இந்தத் துக்கத்தைச் சொல்ல ஊடையின் போக்கு ஒன்றே போதும் என்று ஒரு நெசவாளர் நம்பியதுதான் என்னை ஆழமாகத் தொடுகிறது.

இப்போது அந்த அச்சு. மும்பையைச் சேர்ந்த மோனிகா கொரியா நுண்ணுயிரியல் படித்தவர். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் மனைவி. 1960களில் நெசவு கற்றார். தறியில் வேலை பாதியில் இருக்கும்போதே அச்சைக் கழற்றி எடுத்துவிடுவது அவருடைய முறை. அதுவரை சிப்பாய்கள் போல வரிசையில் நின்ற பாவிழைகளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் போகிறது. அவை விலகும், நெருங்கும், சாயும். அவர் கையால் தள்ளும் பக்கம் ஓடும். தறி என்றாலே செங்கோணம் என்று பார்த்தோமே, அதற்குள் ஆற்றின் போக்கும் மரத்தின் கிளையும் வருகின்றன. அச்சு என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அது ஓர் அழகான வளைகோடு. தெரிந்தவருக்கு அது துணிச்சல்.

இங்கே நெசவாளர் சேவை மையங்கள் பற்றியும் சொல்லவேண்டும். 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் மும்பை, சென்னை, வாராணசி போன்ற நகரங்களில் இந்த அரசு மையங்கள் வந்தன. கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் தர ஓவியர்களையே அங்கே வேலைக்கு வைத்தார்கள். நம் பத்திரிகைகளின் கோட்டோவியங்கள் வழியாக நமக்குத் தெரிந்த கே. எம். ஆதிமூலம் சென்னை மையத்தில் வேலை செய்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, பிறகு ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியன் கைத்தறி வாரியத்தின் மும்பைப் பணியில் சில வருடங்கள் இருந்தார். நெசவாளரும் ஓவியரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்ற காலம் அது. இந்திய நவீன கலை வரலாற்றில் இந்த அத்தியாயத்துக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழும் ஷீலா ஹிக்ஸ், பெரிய பெரிய நூல் பொதிகளால் கண்காட்சி அரங்குகளை நிறைப்பவர், 1960களில் கோழிக்கோட்டின் காமன்வெல்த் டிரஸ்ட் கைத்தறி ஆலையில் நெசவாளர்களோடு சேர்ந்து துணிகளை உருவாக்கினார்.

தறியை விட்டு இறங்கியபோது

1962இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சர்வதேச டேபஸ்ட்ரி கண்காட்சி தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று 1990கள் வரை நடந்த இந்தக் கண்காட்சியில்தான் துணி சுவரை விட்டு நடு அறைக்கு வந்தது. அதில் பெரிய பங்கு போலந்தின் மக்தலேனா அபகனோவிச்சுக்கு. துறைமுகங்களில் கழித்துப்போட்ட கற்றாழைநார்க் கயிறுகளைச் சேகரித்துப் பிரித்து, சாயமேற்றி, அவற்றால் நெய்தார். உத்தரத்திலிருந்து தொங்கும் அவை தடித்து, மடிந்து, நடுவில் பிளந்து நிற்கும். பார்ப்பவர் சுற்றி வரலாம். சிலவற்றின் உள்ளேயே எட்டிப் பார்க்கலாம். எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாத விமர்சகர்கள் அவர் பெயரையே வைத்து 'அபகான்' என்று அழைத்தார்கள்.

இனி, நான் அதிகம் பேச விரும்புகிறவர்: மிருணாளினி முகர்ஜி.

1949இல் மும்பையில் பிறந்தார். அப்பா சாந்திநிகேதனின் பெரும் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி. அம்மா லீலாவும் சிற்பி. பரோடா கலைக் கல்லூரியில் படித்தபோது, மேலே சொன்ன கே. ஜி. சுப்பிரமணியன் அவருடைய ஆசிரியர். நார், கயிறு, மண் போன்ற கைக்கெட்டும் பொருள்களில் வேலை செய்யத் தூண்டியவர் அவர். 1970களின் தொடக்கத்தில் மிருணாளினி சணல் கயிற்றைக் கையில் எடுத்தார். அடுத்த இருபத்தைந்து வருடங்களுக்கு அதை விடவில்லை.

அவருடைய செய்முறை மேக்ரமே. தறியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கயிறும் விரலும் போதும். வயர் கூடை பின்னிய கைகளுக்கு இது உடனே புரியும். சாதா முடிச்சோ சிவன் கண்ணோ நெல்லிக்காயோ, ஒரு முடிச்சைப் போட்டு அடுத்ததை அதன் பக்கத்தில் இறுக்கிக்கொண்டே போக, தட்டையாக இருந்த வயர் ஒரு கட்டத்தில் தானாக எழுந்து நின்று கூடையாகும். மேக்ரமேயிலும் அடிப்படை முடிச்சுகள் சிலவே. முடிச்சை இறுக்கினால் பரப்பு உள்ளே வளையும், தளர்த்தினால் தொங்கும், புதிய கயிறுகளைச் சேர்த்தால் விரியும், குறைத்தால் குவியும். இந்த நான்கு அசைவுகளை வைத்துத்தான் மிருணாளினி இடுப்பையும் இதழையும் மடியையும் உருவாக்கினார். முன்கூட்டி வரைந்துகொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. முதல் முடிச்சிலிருந்து உருவம் வளர்ந்துகொண்டே போகும். அது போகும் திசையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வார். தானே நிற்கவேண்டிய பெரிய உருவங்களுக்கு உள்ளே இரும்புச் சட்டம் கொடுப்பார். ஒரு படைப்பு முடிய மாதக்கணக்காகும்.

'யக்ஷி', 'வனராஜா', 'நாக தேவதா', 'ஆதி புஷ்பம்' என்று பெயர்கள். 1984இல் செய்த 'யக்ஷி' மனித உயரத்தைத் தாண்டி நிற்கிறது. தலை, தோள், தொடை எல்லாம் இருப்பது போலவும் இருக்கும். ஒரு பெரிய வாழைப்பூ தன் மடல்களைத் திறந்து நிற்பது போலவும் இருக்கும். தெய்வமா, செடியா, உடம்பா என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் முடிச்சுதான் என்பதைக் கவனியுங்கள். கல்லில் செதுக்கினால் தோல் வேறு, உடை வேறு, மலர் வேறு என்று உளி மாறும். இங்கே எல்லாமே ஒரே முடிச்சு, ஒரே கயிறு. உடம்பு எங்கே முடிந்து இலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல அந்தப் பொருளே இடம் தருவதில்லை. அப்புறம் எடை. கயிறு கனமானது, கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பை மறைக்காமல், மடிப்புகள் தொங்கித் தாழ்கிறபடியே விட்டுவிட்டார். அதனால்தான் அந்த உருவங்களில் உயிருள்ள சதையின் தன்மை இருக்கிறது.

அவர் தன்னைச் சிற்பி என்றே கருதினார். ஆனால் கயிறு, முடிச்சு என்றாலே கைவேலை என்று ஒதுக்குகிற பழக்கம் கலை உலகில் பலமாக இருந்தது. அதோடு பெண் என்றால் கேட்கவே வேண்டாம். 1994இல் ஆக்ஸ்ஃபோர்டின் நவீன கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தது. 1990களின் நடுவிலிருந்து சுடுமண்ணுக்கும், பிறகு வெண்கலத்துக்கும் போனார். 2015 ஜனவரி இறுதியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. திறந்த சில நாட்களிலேயே காலமானார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019இல் தன் மெட் பிராயர் கட்டடத்தில் அவர் படைப்புகளைக் காட்டியபோதுதான் உலகம் முழுக்கப் பேசினார்கள். அவர் இருக்கும்போதே இது நடந்திருக்கவேண்டும்.

தேய்ந்த துணி, தைத்த துணி

நெய்வதும் முடிவதும் வெறும் நூலிலிருந்து தொடங்குகின்றன. தையல் அப்படி இல்லை. ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய துணியைக் கூட அது எடுத்துக்கொள்ளும். அதனால் தையல் கலையில் துணியின் பழைய வாழ்க்கையும் கூடவே வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் ஒரு வளைவுக்குள் இருக்கும் சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். பெட்வே என்ற தோட்ட முதலாளியின் பெயர்தான் இன்றும் பலருக்குக் குடும்பப் பெயர். 1960களில் வாக்குரிமை கேட்டு இவர்கள் பதிவு செய்யப் புறப்பட்ட சமயத்தில், மறுகரைக்குப் போகும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 2006இல்.

இந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காகத் தைத்தவை குவில்ட். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி என மூன்று அடுக்கை ஓட்டுத்தையல் போட்டு ஒன்றாக்குவது. வாங்கிய துணி இல்லை. வயலுக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸும் சட்டையும் மூட்டைத் துணியும்தான். கால்சட்டையின் பாக்கெட்டைப் பிரித்தெடுத்தால், வெயில் படாத அந்தச் சதுரம் மட்டும் அடர்நீலமாக இருக்கும், சுற்றிலும் வெளிறியிருக்கும். முழங்கால் பகுதி இன்னும் வெளுத்திருக்கும். இந்த நீலங்களையும் வெளிறல்களையும் வைத்துத்தான் அவர்கள் பட்டைகளையும் சதுரங்களையும் அடுக்கினார்கள். 1942இல் மிஸூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார், அவருடைய நினைவைப் போர்த்திக்கொள்ள. அதில் வேறு அலங்காரமே இல்லை. அந்த மனிதர் உழைத்த இடமெல்லாம் தேய்ந்து தெரிகிறது.

2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இவை காட்டப்பட்டபோது, நவீன அரூப ஓவியங்களுக்கு இணை என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பாராட்டுதான். ஆனாலும் ஒரு குவில்ட்டை ஓவியத்துக்கு இணை என்று சொல்லித்தான் உயர்த்தவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளைந்த பட்டையை நேராக்காமல் அப்படியே விட்டதும், ஒரு மூலையில் மட்டும் சிவப்பை வைத்ததும் அந்தப் பெண்களின் சொந்த முடிவுகள். பாட்டியும் அம்மாவும் அத்தையும் செய்ததைப் பார்த்து, அதை மீறி எடுத்த முடிவுகள்.

சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, கணவனும் மகனும் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் சாக்குத் துணியின் மேல் சிறுசிறு துண்டுகளைத் தைத்து நடந்ததைச் சொன்னார்கள். பெண்கள் கைத்தையல்தானே என்ற அலட்சியமே அவற்றுக்குப் பாதுகாப்பாக இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியோடு அவை வெளிநாடு போய்ச் சேர்ந்தன. இலங்கையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹேமா ஷிரோனி இடப்பெயர்வையும் வீட்டின் நினைவையும் ஊசியாலும் நூலாலும் சொல்லிவருகிறார்.

சாயம் பற்றிச் சுருக்கமாக. பெயின்ட் துணியின் மேல் உட்காரும். சாயம் இழைக்குள் இறங்கும். துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் கலம்காரியில் இது ஒரு ரசாயன வித்தை. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். வெல்லத்தோடு இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த நீரால் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அது கறுப்பாகும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தடவுவார்கள். அப்போது கண்ணுக்கு அநேகமாக எதுவும் தெரியாது. துணியைச் சாயவேர்க் கொதிநீரில் போட்டபிறகுதான், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து வரும். அதாவது, இன்னும் தெரியாத நிறத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கை வரைகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து இத்தகைய சாயத்துணிகள் கப்பல் கப்பலாகப் போய் ஐரோப்பியச் சந்தையை நிறைத்தன. உள்ளூர் நெசவாளர்கள் போராடியதால் பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் போட்டன. பரோடாவில் படித்த லாவண்யா மணி இன்று அதே கலம்காரி முறையில், அதே இயற்கைச் சாயங்களில், அந்தக் கடல் வணிகத்தையும் காலனி ஆட்சியையும் பற்றிப் பெரிய துணிகளைப் படைக்கிறார். வரலாறு எந்தச் சாயத்தால் நடந்ததோ, அதே சாயத்தால் அதைச் சொல்கிறார்.

யார் கை?

இழைக்கலையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கக்கூடாத கேள்வி இது. இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயட்டி 1971இலிருந்து ஆப்கானிஸ்தானில் உலக வரைபடங்களைப் பூத்தையலாகச் செய்யவைத்தார். ஒவ்வொரு நாடும் அதன் கொடியின் நிறத்தில். துணியில் கோடுகள் இத்தாலியிலிருந்து வரும். ஆப்கன் பெண்கள் தைப்பார்கள். சோவியத் படையெடுப்புக்குப் பிறகு வேலை பாகிஸ்தானின் பெஷாவரில் இருந்த ஆப்கன் அகதிகளிடம் போனது. ஒரு முறை திரும்பி வந்த வரைபடத்தில் கடல் முழுக்க இளஞ்சிவப்பு. கடல் நீலமாகத்தான் இருக்கவேண்டும் என்று தைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த நூலை எடுத்துத் தைத்துவிட்டார்கள். போயட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போய், அதற்குப் பிறகு கடலின் நிறத்தைத் தைப்பவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அருமையான கதை. ஆனால் அந்த வரைபடங்கள் இன்று கோடிக்கணக்கில் விலைபோகின்றன. இளஞ்சிவப்புக் கடலைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்களாகவே இருக்கிறார்கள். ஓவியர் வரைய நெசவாளர் நெய்த பழைய டேபஸ்ட்ரி முறை வேறு உருவில் திரும்பிவந்ததுபோல் இருக்கிறது. ஒரு கலைஞர் பிறர் கைகளின் உதவியைப் பெறுவதில் தவறில்லை. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனாட்சுய் மதுப்புட்டி மூடிகளைத் தட்டி, செம்புக்கம்பியால் கோத்து, நூலே இல்லாமல் பிரம்மாண்டமான துணிகளைச் செய்கிறார். பெரிய உதவியாளர் குழு இருப்பதை அவர் மறைப்பதில்லை. நான் எதிர்பார்ப்பது, சினிமாவில் பெயர் போடுவது போல, நெய்தவர், சாயமிட்டவர், தைத்தவர் பெயரும் படைப்பின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதை. கைத்தறியோடு இத்தனை நெருக்கமாக வாழும் நாம் இதை உரக்கக் கேட்கலாம்.

சரி, கலைக்கூடத்துக்குப் போனால் என்ன செய்வது? முதலில் ஓரத்தைப் பாருங்கள். நெய்த துணியின் கரை, குஞ்சம், பாவிழைகள் முடியும் இடம் ஆகியவற்றில்தான் செய்முறை வெளிப்படையாகத் தெரியும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்; புகைப்படத்தில் தட்டையாகத் தெரிந்தது நேரில் ஒரு கை கனம் தடித்திருக்கும். பின்பக்கம் பார்க்க வழியிருந்தால் விடாதீர்கள். பெயர்ப்பலகையில் பொருள் என்னவென்று வாசியுங்கள்: பருத்தி, கம்பளி, சணல், செலஃபேன். நிழலையும் கவனியுங்கள், தொங்கும் படைப்புகளில் சுவரில் விழும் நிழலும் படைப்பின் பகுதிதான். ஆனால் தொடவேண்டாம். தொடவேண்டும் என்று கை பரபரக்கும். விரலின் எண்ணெயும் வியர்வையும் இழையைக் கெடுத்துவிடும்.

அறை மங்கலாக இருந்தால் விளக்கு கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஒளி சாயத்தையும் நாரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. அதனால் அருங்காட்சியகங்கள் பழைய, மென்மையான துணிகளுக்கு 50 லக்ஸ் அளவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகின்றன. உள்ளே போனதும் சில நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். சில மாதங்கள் காட்டிவிட்டு, அடுத்த பல வருடங்களுக்கு இருட்டான கிடங்கில் வைத்துவிடுவதும் வழக்கம். ஆகவே உங்கள் ஊருக்கு இப்படியொரு கண்காட்சி வந்தால் அப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். அதே துணி மறுபடி வெளியே வர வெகுகாலம் ஆகலாம்.